முகவரியும் ஊரும் சேர்ந்தால் பூஜ்யமா?

கேள்வி: சிறிய சாஃப்ட்வேர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்து வாடிக்கையாளர் பட்டியல் எடுக்கும்போது முகவரியையும் ஊரையும் ஒட்டிக் காட்ட நடுவில் || போட்டிருக்கிறோம். காலையில் சரியாக வருகிறது. மத்தியானம் அதே பட்டியலில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு 0, சிலருக்கு 1 என்று வருகிறது. சாயங்காலம் தானாகவே சரியாகிவிடுகிறது. நிரலை யாரும் தொடவில்லை. எங்கள் சீனியர் அண்ணன் "சர்வரை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்கிறார். என்னதான் நடக்கிறது?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மிணி, முதலில் அந்த 0, 1 இரண்டையும் உற்றுப் பாருங்கள். 1 வந்தவர்களின் முகவரி கதவு எண்ணில் தொடங்கும். 0 வந்தவர்களின் முகவரி எழுத்தில் தொடங்கும். "12, வடக்கு வீதி" என்றால் 1. "மாரியம்மன் கோயில் தெரு" என்றால் 0. சரிதானே?

ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் என்ற மற்றத் தரவுத்தளங்களில் || என்றால் இரண்டு சொற்களை ஒட்டு என்று பொருள். மைஎஸ்க்யூஎல் அதை 'அல்லது' என்று படிக்கிறது. இதுவா அதுவா, ஏதாவது ஒன்று உண்மையா என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, முகவரியை எண்ணாக மாற்றப் பார்க்கும். எண்ணில் தொடங்கினால் அந்த 12 கிடைக்கும். பூஜ்யம் இல்லாததால் உண்மை, அதாவது 1. எழுத்தில் தொடங்கினால் 0. ஊர்ப் பெயர் எப்படியும் 0 தான். மாரியம்மன் கோயில் தெருவும் திருப்பூரும் சேர்ந்து பூஜ்யமானது இப்படித்தான்.

அப்படியானால் காலையில் எப்படிச் சரியாக வந்தது? உங்கள் அலுவலகத்தில் யாரோ, ஆரக்கிளில் இருந்து வந்தவராக இருக்கலாம், ஏதோ ஒரு பக்கத்தின் நிரலில் எஸ்க்யூஎல் மோடை, அதாவது குறிகளை எப்படிப் படிப்பது என்ற அமைப்பை, மாற்றும் வரி ஒன்றைப் போட்டிருக்கிறார். பைப்ஸ் ஆஸ் கான்கேட் என்றொரு அமைப்பு உண்டு. அதைப் போட்டால் || ஒட்டும் குறியாகிவிடும். ஆனால் அந்த மாற்றம் நிரலோடு போகாது, நிரல் தரவுத்தளத்தோடு பேசத் திறக்கும் இணைப்பான கனெக்‌ஷனோடு போகும். நீங்கள் கனெக்‌ஷன் பூல் வைத்திருப்பீர்கள், திறந்த இணைப்புகளைப் பொதுவில் சேர்த்து வைக்கும் இடம். ஒருவர் பயன்படுத்திய கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பி, அடுத்தவர் கைக்கு வருகிறது. வாடகை சைக்கிள் எடுத்த அனுபவம் இருந்தால் புரியும். முன்னால் எடுத்தவர் சீட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார், உங்களுக்குக் கால் எட்டாது. மாற்றப்பட்ட கனெக்‌ஷன் கிடைத்தால் முகவரி வரும், மாற்றப்படாதது கிடைத்தால் 0, 1 வரும். பட்டியல் வந்ததும் அதே கனெக்‌ஷனில் இரண்டு @ போட்டு எஸ்க்யூஎல்_மோட் என்ன என்று செலக்ட் செய்து லாகில் எழுதி வையுங்கள். ஒரே நாளில் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

சீனியர் அண்ணன் சொன்ன ரீஸ்டார்ட்டால் ஒரு நன்மை உண்டு. எல்லாக் கனெக்‌ஷனும் பழைய நிலைக்கு வந்து, அந்தப் பக்கத்தை யாராவது திறக்கும்வரை எல்லாருக்கும் 0, 1 வரும். வந்து வந்து போகும் கோளாறைவிட ஒரே இடத்தில் நிற்கும் கோளாறு எனக்குப் பிடிக்கும்.

தீர்வு என்று கேட்டால், மோடைத் தொடவே வேண்டாம். கான்கேட் என்று எழுத்தில் எழுதிவிடுங்கள். எந்த மோடிலும் அதற்கு ஒரே பொருள்தான். மைஎஸ்க்யூஎல்காரர்களே 8.0.17 பதிப்பில் இருந்து || என்பதை 'அல்லது' என்று பயன்படுத்துவதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கிறார்கள்.

தவிர, அந்தப் பக்கத்தில் இருப்பது பைப்ஸ் ஆஸ் கான்கேட் மட்டும்தானா, இல்லை ஆன்சி என்று மொத்தமாகப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆன்சி என்பது பல மோடுகளைக் கட்டிய ஒரு மூட்டை. உள்ளே ஆன்சி கோட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது வந்துவிட்டால் இரட்டை மேற்கோளுக்குள் இருப்பது சொல் அல்ல, அட்டவணையில் உள்ள ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயர். விற்பனை அட்டவணையில் 'முறை' என்றொரு பத்தி, அதில் ரொக்கம் அல்லது கடன் என்று எழுதியிருக்கிறது. 'கடன்' என்று இன்னொரு பத்தி, அதில் பாக்கித் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை = "கடன்" என்று கேட்கிறீர்கள். ஆன்சி கோட்ஸ் இருக்கும்போது மைஎஸ்க்யூஎல் முறைப் பத்தியையும் கடன் பத்தியையும் ஒப்பிடும். எழுத்து ஒருபக்கம், எண் ஒருபக்கம்; எழுத்து 0 ஆகும்; பாக்கி 0 ஆக உள்ள வரிகள் எல்லாம் பொருந்தும். கடன் விற்பனைப் பட்டியல் கேட்டவருக்கு ரொக்கம் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். செலக்ட், அதாவது படிக்க மட்டும் செய்யும் கட்டளை, என்பதால் பிழைச் செய்தி வராது, வெறும் எச்சரிக்கைதான், அதையும் யாரும் படிப்பதில்லை. ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

ஸ்டோர்டு புரொசீஜர், அதாவது தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரல், ஏதாவது இருந்தால், அது உருவாக்கப்பட்ட நேரத்தில் இருந்த மோடைத் தன்னோடு சேமித்து வைத்துக்கொள்ளும். புரொசீஜருக்குள் சரியாக ஓடும் வரியை வெளியே எடுத்து ஓட்டினால் வேறு விடை வருவது அதனால்தான். சர்வர் முழுதுக்குமாகக் குளோபல் என்று போட்டு மோடை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷன்களுக்கு அது போய்ச் சேராது. பார்ட்டிஷன் செய்த, அதாவது துண்டுகளாகப் பிரித்து வைத்த, அட்டவணைகளில் தரவு ஏற்றியபின் மோடை மாற்றினால் தரவே கெடலாம் என்று மைஎஸ்க்யூஎல் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் பெரிய மனுஷத்தனமாகச் சொல்கிறேனே தவிர, நானும் இதே கிணற்றில் விழுந்தவன்தான். 1996. ஈரோட்டில் ஒரு ஜவுளி வியாபாரிக்கு ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மொழியில் பாக்கிக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஃபாக்ஸ்புரோவில் செட் எக்ஸாக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. ஆஃப் என்றால் = குறி தளர்ந்துவிடும். இடப்பக்கச் சொல் வலப்பக்கச் சொல்லில் தொடங்கினால் போதும், சமம் என்று சொல்லிவிடும். ஆன் என்றால் முழுதும் பொருந்த வேண்டும். நான் முதல் நிரலிலேயே ஆன் போட்டிருந்தேன். கணக்குப்பிள்ளை ஒருநாள், "தம்பி, பேர முழுசா அடிக்க முடியல, பழனின்னு அடிச்சா பழனிசாமி, பழனியப்பன் எல்லாம் வரணும்" என்றார். தேடும் திரையின் தலைப்பில் ஆஃப், கடைசியில் ஆன். ஐந்து நிமிட வேலை, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எஸ்கேப் விசையை மறந்துவிட்டேன். தேடும் திரையில் எஸ்கேப் அடித்தால் நிரல் நடுவிலேயே திரும்பிவிடும். கடைசி வரிக்குப் போகாது. எக்ஸாக்ட் ஆஃபிலேயே நின்றது. அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை 12-ம் எண் கணக்கை முடித்து நீக்கினார். கணக்கு எண்ணை எழுத்துப் பத்தியாக வைத்திருந்தேன். 120 என்பது 12-ல் தொடங்குகிறது. 121-ம் அப்படியே. 12-ம் எண்ணோடு 120 முதல் 129 வரை பத்துக் கணக்கும் போய்ச் சேர்ந்தன.

நான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை. அந்த 129-ம் எண்காரர் பாக்கியைக் கட்ட வந்தார். பாக்கி வைத்தவர் தானாக வந்து கட்டுவதே அபூர்வம். வந்தவருக்குக் கணக்கே இல்லை! முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, உன்ற கம்ப்யூட்டர் தருமம் பண்ண ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டார்.

ஃபாக்ஸ்புரோவில் நீக்கியது உடனே அழியாது, குறி மட்டும்தான் விழும். ரீகால் ஆல் என்று அடித்தால் எல்லாம் எழுந்து வரும். அதில்தான் இரண்டாவது அடி. முறையாக முடித்து நீக்கிய பழைய கணக்குகளும் சேர்ந்து எழுந்து வந்துவிட்டன. கடன் அடைத்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பவும் கடன்காரர்கள். பேரேட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிக்க இரண்டு ராத்திரி ஆனது.

பிறகு நீக்கும் வரியில் == போட்டேன். அது எக்ஸாக்டைச் சட்டையே செய்யாது. ஆனால் முதல் நாள் ஒரு கணக்கும் நீங்கவில்லை; பத்தியின் வலப்பக்க வெற்றிடங்களையும் == எண்ணிக்கொள்கிறது. இருபக்கமும் ஓர வெற்றிடங்களை வெட்டும் ஆல்ட்ரிம் போட்டபின்தான் ஒழுங்கானது. தேடும் திரையில், பழைய நிலை ஆனா ஆஃபா என்று முதலில் கேட்டு ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, எந்த வழியாக வெளியே போனாலும் அதையே திரும்பப் போடும்படி மாற்றினேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஆன் என்று போடுவதும் தப்புத்தான். நம்மைக் கூப்பிட்டவர் ஆஃபில் வைத்திருந்தால்?

கேள்வி: போர்த் என்ற நிரல் மொழி பழகுகிறேன். ஹெக்ஸ் என்று அடித்துப் பதினாறடி எண்ணுக்குப் போனேன். பழையபடி பத்தடிக்கு வர 10 பேஸ் ! என்று அடித்தேன். பிழை வரவில்லை, ஆனால் மாறவும் இல்லை. பத்துத் தடவை அடித்துவிட்டேன்.
- கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, நூறு தடவை அடித்தாலும் மாறாது. பதினாறடியில் 10 என்றால் பதினாறு. நீ ஒவ்வொரு தடவையும் "பதினாறடிக்குப் போ" என்று பதினாறடியில் இருந்துகொண்டே சொல்லியிருக்கிறாய். அதுவும் பணிவாக, போய்விட்டேன் என்கிறது. எந்த அடியில் இருந்தாலும் 10 என்பது அந்த அடியேதான். டெசிமல் என்று அடி, வந்துவிடும். அந்தச் சொல்லை இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

காமன் லிஸ்ப் என்ற நிரல் மொழியிலும் ரீட் பேஸ் என்று இதே பள்ளம் இருக்கிறது. அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து 10. என்று எழுதினால், எந்த அடியில் இருந்தாலும் பத்து என்றே படிக்கும்.

கேள்வி: எக்ஸெலில் மேலே ஏ, பி, சி என்று இருந்த தலைப்பெல்லாம் போய் 1, 2, 3 என்று வந்துவிட்டது. என் ஃபார்முலாக்கள் எல்லாம் ஆர், சி என்று புரியாத எழுத்தாக மாறியிருக்கின்றன. அடுத்த மேஜைக்காரர் வைரஸ் என்கிறார். எனக்கு மாதக் கடைசி.
- தணிக்கை அலுவலக ஊழியர், கரூர்

பதில்: வைரஸ் இல்லை. யாரோ மெயிலில் அனுப்பிய ஃபைலை நீங்கள் அன்று முதலாவதாகத் திறந்திருப்பீர்கள். ஆர்1சி1 என்ற, வரிசையையும் பத்தியையும் எண்ணாலேயே குறிக்கும் முறையில் சேமித்த ஃபைல் முதலில் திறந்தால், எக்ஸெல் அதற்கப்புறம் திறக்கும் எல்லாவற்றையும் அந்த முறையிலேயே காட்டும். கணக்கு ஒன்றும் கெடவில்லை, எழுதிக் காட்டும் விதம்தான் மாறியது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஃபார்முலாஸ் போய் ஆர்1சி1 கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அதே பக்கத்தில் மேனுவல் கால்குலேஷன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதுவும் முதலில் திறந்த ஃபைலோடு இப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும். இது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் தொகையை மாற்றுவீர்கள், கூட்டல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். மாதக் கடைசி என்று வேறு சொல்கிறீர்கள்.

கேள்வி: ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளில் எழுதுகிறேன். நிரல் துணுக்குகளை, உள்ளபடியே அச்சிடும் \வெர்ப் கட்டளை போட்டு எழுதினால் பத்தியில் அழகாக வருகிறது. அதையே அடிக்குறிப்புக்குள் போட்டால் பிழை. அதே துணுக்கு, அதே எழுத்து. அடிக்குறிப்பு என்ன பாவம் செய்தது?
- ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் நூத், அது உரையைப் படிக்கும் விதத்தை விளக்கும்போது கண், வாய், வயிறு என்று உடம்பாகவே வைத்து எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு விடை அந்த வாயில் இருக்கிறது.

டெக்கில் ஒவ்வொரு எழுத்துக்கும் 0 முதல் 15 வரை ஒரு வகை எண் உண்டு, கேட்கோட் என்பார்கள். \ குறிக்கு 0. திறக்கும் அடைப்புக்கு 1. சாதாரண எழுத்துக்கு 11. % குறிக்கு 14, அதாவது இதற்கப்புறம் இந்த வரியில் உள்ளதைக் கண்டுகொள்ளாதே. இந்த எண்களை ஓடும்போதே மாற்றலாம். \வெர்ப் செய்வது அதைத்தான்: % , \ , _ எல்லாவற்றையும் சற்று நேரத்துக்கு 12-ம் வகைக்கு, வெறும் குறி என்ற வகைக்கு இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடும்.

ஆனால் எழுத்து வாய்க்குள் போகும் கணத்தில் அதற்கு என்ன வகையோ, அதுதான் அதற்கு நிலைத்த வகை. மென்றபின் மாற்ற முடியாது. அடிக்குறிப்புக் கட்டளை, திறக்கும் அடைப்பில் இருந்து மூடும் அடைப்பு வரை எல்லாவற்றையும் முதலில் வாயில் போட்டு மென்று வைத்துக்கொள்கிறது. அப்புறம்தான் உள்ளே இருக்கும் \வெர்ப் கண் விழிக்கிறது. எண்களை மாற்றுகிறது, யாருக்கு? உங்கள் % அதற்கு முன்பே 14-ம் வகையாகி, அந்த வரியின் மீதியையும், மூடும் அடைப்பையும் சேர்த்து, விழுங்கிவிட்டது.

அடிக்குறிப்பில் தட்டச்சு எழுத்துருவில் காட்டும் \டெக்ஸ்ட்டிடி போட்டு, % , _ குறிகளுக்கு முன் ஒரு \ வைத்து எழுதுங்கள். நிறைய இருந்தால் ஃபேன்சிவெர்ப் தொகுப்பில் அடிக்குறிப்புக்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.

உங்களுக்காவது நீங்கள் போட்ட கட்டளை. துருக்கி மொழியில் லேடெக் எழுதுகிறவர்கள் பாடு இதைவிட மோசம். பல மொழிகளுக்கான பேபல் தொகுப்பில் துருக்கி மொழியைத் தேர்ந்தால் = குறியே கட்டளையாக மாறிவிடும், வகை 13. படம் செருகும்போது அகலம் = இத்தனை என்று எழுதுவோமே, அந்த = உடைந்து பிழை வரும். மொழியைத்தான் தேர்ந்தார்கள், படம் ஏன் வரவில்லை என்று விழிப்பார்கள். \ஷார்ட்ஹேண்ட்ஆஃப் போட்டு அந்தக் குறியை விடுவிக்க வேண்டும்.

கேள்வி: பெர்ல் மொழியில் எழுதிய இருபது வருடப் பழைய நிரல் ஒன்று. சர்வரைப் புதுப்பித்ததும் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அந்த வரியில் $[ = 1 என்று மட்டும்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஓடுகிறது. எடுத்துவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஐயோ, எடுத்துவிட்டு அப்படியே ஓட்டிவிடாதீர்கள். ஓடுவதுதான் ஆபத்து. பட்டியலின் முதல் உருப்படிக்கு 0-ம் எண்ணா, 1-ம் எண்ணா என்று தீர்மானிக்கும் மாறி அது. ஆக், ஃபோர்ட்ரான் மொழிகள் பழகியவர்களுக்கு 1-ல் தொடங்கத்தான் வசதி. அதற்காகப் பெர்லை உருவாக்கிய லாரி வால் வைத்த சலுகை. அந்த வரியை எடுத்தால் உங்கள் நிரல் கேட்கும் ஒவ்வொரு உருப்படியும் ஒரு வீடு தள்ளிப் போகும். பெயர் இருந்த இடத்தில் வயது வரும். பிழை என்று எதுவும் சொல்லாது. எண் போட்டு உருப்படி எடுக்கும் ஒவ்வொரு இடமாகப் போய், ஒன்று குறைத்து, அந்த வரியையும் எடுத்துவிட்டு, பழைய விடையோடு ஒப்பிட்டு முடித்தபிறகுதான் நிரலைப் பயன்படுத்த வேண்டும்.

பெர்ல் 5 வந்தபோதே இதை அந்தந்த ஃபைலோடு நிற்கும்படி கட்டிவிட்டார்கள். 2010-ல் வந்த 5.12-ல் வேண்டாம் என்றார்கள். 2019-ல் வந்த 5.30-ல் பூஜ்யம் தவிர வேறு எதையும் அதற்குக் கொடுத்தால் நிரலே நின்றுவிடும் என்று ஆக்கினார்கள்.

அதே நிரலில் $/ எங்கேயாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரு வரி எங்கே முடிகிறது என்று சொல்லும் மாறி அது, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. முழு ஃபைலையும் ஒரே வாயில் படிக்க அதை மதிப்பே இல்லாததாக ஆக்குவார்கள். முன்னால் லோக்கல், அதாவது இந்த இடத்துக்கு மட்டும், என்று போடாமல் அப்படிச் செய்தால், வேறெங்கோ 5,000 வரி ஃபைலை வரிவரியாகப் படிக்க எழுதிய சுற்று ஒரே ஒருதடவை சுற்றிவிட்டு நின்றுவிடும். நீங்கள் அந்தச் சுற்றை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், குற்றவாளி வேறு ஃபைலில் இருப்பார்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். பேரன் உங்கள் பகுதியை வாசித்துக் காட்டுவான். இவ்வளவு வம்பு என்றால், மொழியின் இலக்கணத்தையே நடுவில் மாற்றும் வசதியை எதற்கு வைத்தார்கள்?
- வாசகர், சிதம்பரம்

பதில்: ஐயா, நீங்கள் கரும்பலகையில் "இந்தக் கணக்குக்கு மட்டும் * என்றால் இப்படி என்று வைத்துக்கொள்வோம்" என்று எழுதியிருப்பீர்களே, அதே தேவைதான். நூத்துக்கு அது இல்லாமல் கணிதப் புத்தகமும் நிரல் புத்தகமும் ஒரே கருவியில் அச்சுக் கோர்க்க முடிந்திருக்காது. நீங்கள் வகுப்பு முடிந்ததும் பலகையை அழித்துவிடுவீர்கள். நாங்கள் அழிப்பதில்லை, அவ்வளவுதான்.

லிஸ்ப்காரர்கள் இதில் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். அங்கே எந்தக் குறியை எப்படிப் படிப்பது என்பதற்கு ரீட்டேபிள் என்று ஓர் அட்டவணை. ஒரு ஃபைலை ஏற்றும்போது அதற்குள் நீங்கள் வேறு அட்டவணையை எடுத்து வைத்தால், ஃபைல் முடிந்ததும் பழையது தானாகத் திரும்பிவிடும். ஆனால் இருக்கிற அட்டவணையிலேயே கிறுக்கினால் திரும்பாது. வாடகை வீட்டில் காலண்டரை மாற்றி மாட்டுவது வேறு, சுவரில் ஆணி அடிப்பது வேறு. முதலில் நகல் எடுத்து அதில் கிறுக்க வேண்டும்.

வெளியார் கொடுத்த தரவை லிஸ்பில் படிக்கும்போது இன்னொரு கவனமும் வேண்டும். #. என்று இரண்டு குறி இருந்தால், படிக்கும்போதே அதற்கப்புறம் உள்ளதை ஓட்டிப் பார்த்துவிடும். தபாலைப் பிரித்தவுடனே அதில் எழுதியிருப்பதைச் செய்துவிடும் வேலைக்காரன் மாதிரி. ரீட் ஈவல் என்பதை அணைத்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவரும் வித் ஸ்டாண்டர்ட் ஐஓ சின்டாக்ஸ் என்ற கட்டளை இதை மறுபடி போட்டுவிடும். ஆகவே அதற்கு உள்ளே போய் அணைக்க வேண்டும், வெளியே அல்ல. பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நீங்கள் இன்னும் ஃபாக்ஸ்புரோவில் எழுதுகிறீர்களா?
- வாசகர், சேலம்

பதில்: ஒரே ஒரு அரிசி ஆலை. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9. மைக்ரோசாஃப்ட் 2015-லேயே கையைக் கழுவிவிட்டது, ஆலைக்காரர் கழுவவில்லை. போன மாதம் புதிதாக ஒரு திரை சேர்த்தேன். திறந்தால் நீக்கிய மூட்டைக் கணக்கெல்லாம் உயிரோடு வந்து நிற்கிறது. அந்தத் திரைக்குத் தனி டேட்டா செஷன், அதாவது தனக்கென்று ஒரு வேலை இடம், கொடுத்திருந்தேன். தனி செஷன் என்றால், நீக்கியதை மறைக்கும் செட் டெலீட்டட் போன்ற அமைப்புகள் இயல்புநிலையில் இருந்து ஆரம்பிக்கும்; டெலீட்டடுக்கு அது ஆஃப். அரைநாள் தேடினேன். தேடும்போது முதன்மை நிரலின் உச்சியில், 2003-ல் நானே எழுதி வைத்த குறிப்பு கண்ணில் பட்டது: "செட் எக்ஸாக்டை எங்கேயும் தொடாதே." அதற்கு நாற்பது வரி கீழே தொட்டிருக்கிறேன்.